கடைசி பீரியட் யாருக்கு?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்கள் மட்டும் இல்லையென்றால் எப்போதோ வழக்கொழிந்து போயிருக்கக்கூடிய விளையாட்டுகள் சில உண்டு. பூப்பந்து, வளையப்பந்து, எறிபந்து, ஓரளவுக்குக் கோகோவும். கிரிக்கெட்டுக்கு ஒரு தெரு போதும். கபடிக்கு ஊர்த் திருவிழாவும் இளைஞர் மன்றமும் இருக்கின்றன. ஆனால் ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீசி, எதிர்ப்பக்கத்தில் ஒற்றைக் கையால் பிடித்து, பிடித்த வேகத்தில் திருப்பி வீசுகிற ஆட்டத்தை யாராவது தெருவில் ஆடி நீங்கள் பார்த்ததுண்டா? மைதானத்தின் மூலையில் இரண்டு கம்பம் நட்டு, வலை கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, "ம், வாங்கடி" என்று கூப்பிட ஒரு பி.டி. டீச்சர் இருந்தால்தான் அந்த ஆட்டம் உண்டு.

இந்த ஆட்டங்களை அதிகம் ஆடியவர்கள் பெண் பிள்ளைகள். வேறு போக்கிடம் இல்லாத ஆட்டங்கள் வேறு மைதானம் இல்லாத பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தன. பள்ளி விளையாட்டு பற்றிப் பேசும்போதெல்லாம் பதக்கத்தையும் ஒலிம்பிக்கையும் இழுத்து வருகிறோமே, அதற்கு முன்னால் பேச வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி.

நான் படித்தது காவிரி டெல்டாவின் சிறு நகரம் ஒன்றில், பெண்கள் உயர்நிலைப் பள்ளியில். எண்பதுகளின் முதல் பாதி. எட்டாம் வகுப்பு வரை பாவாடை சட்டை, ஒன்பதிலிருந்து தாவணி. தாவணியோடு கோகோ ஆடுவது எப்படி என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கவைப்பது கடினம். முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றி வரிந்து கட்டி, இரண்டு இடத்தில் ஊக்கு குத்தி, பாவாடையின் ஓரத்தைத் தூக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். இரட்டைச் சடையை மடித்து ரிப்பனால் இறுக்கிவிட வேண்டும். தொங்கவிட்டால் துரத்தி வருகிறவள் கைக்கு முதலில் அகப்படுவது அதுதான். செருப்பைக் கழற்றி வேப்பமரத்தடியில் வரிசையாக விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடுவோம். உள்ளங்காலில் நெருஞ்சி முள் தைக்காமல் ஒரு சீசனைக் கடந்தவள் எங்கள் பள்ளியில் கிடையாது.

கோகோ பார்ப்பதற்குத்தான் குழந்தை விளையாட்டு. எட்டுப் பேர் நடுக்கோட்டில் ஒருத்தி இந்தப் பக்கமும் அடுத்தவள் அந்தப் பக்கமும் பார்த்துக் குந்தியிருப்பார்கள். ஒன்பதாவது ஆள் துரத்துவாள். அவள் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. ஒரு திசையில் கால் வைத்துவிட்டால் கம்பம் வரை போகாமல் திரும்பக்கூடாது. தப்பி ஓடுகிறவளுக்கோ எந்தக் கட்டுப்பாடும் இல்லை, எட்டுப் பேருக்கு இடையே எப்படி வேண்டுமானாலும் நெளியலாம். ஆகவே துரத்துகிறவள் தனியாக ஜெயிக்கவே முடியாது. சரியான நொடியில் உட்கார்ந்திருப்பவள் முதுகைத் தட்டி "கோ" சொல்லிவிட்டு அந்த இடத்தில் தான் குந்திவிட வேண்டும். நன்றாக ஓடத் தெரிந்தவள், ஓட்டத்தை அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டு உட்காரப் பழக வேண்டிய ஆட்டம் அது. எங்கள் வகுப்பில் படிப்பில் முதலாவதாக வந்தவளுக்கு இது கடைசிவரை வரவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்தி, கணக்கில் முப்பதைத் தாண்டாதவள், எப்போது கோ கொடுக்க வேண்டும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

பூப்பந்து என்றால் ஷட்டில் இல்லை. மஞ்சள் நிறக் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த பந்து. முப்பது கிராம்கூட இருக்காது. அணிக்கு ஐந்து பேர்: முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு. இந்த ஆட்டம் பிறந்ததே எங்கள் பக்கம், தஞ்சாவூரில். தஞ்சை அரச குடும்பத்தார் விரும்பி ஆடிய ஆட்டம் என்பார்கள். அதற்கான அகில இந்தியச் சம்மேளனம் 1954-லேயே அமைந்துவிட்டது. பிறகு பல்கலைக்கழகங்கள், ரயில்வே அணிகள் என்று நாடெங்கும் போனாலும், ஆசிய விளையாட்டுப் போட்டியின் வாசலைக்கூட அது மிதிக்கவில்லை. அன்று ஒரு ஆட்டத்துக்கு 29 புள்ளி, இப்போது 35.

எங்களுக்கு இந்த ஆட்டத்தில் எதிரணியைவிடப் பெரிய எதிரி காற்று. குறுவட்டப் போட்டிகள் சொல்லிவைத்தாற்போல ஆடி மாதத்தை ஒட்டித்தான் வரும். கம்பளிப் பந்தை நேராக அடித்தால் ஆடிக் காற்று அதைப் பக்கத்து வயலில் கொண்டுபோய்ப் போடும். ஆகவே காற்று இருக்கிற பக்கம் கிடைத்தால் உயரத் தூக்கக்கூடாது, வலையை உரசுகிற மாதிரி 'கட்' அடிக்க வேண்டும். பக்கம் மாறியதும் தூக்கி அடித்துக் காற்றின் தலையிலேயே பாரத்தைப் போட்டுவிட வேண்டும் என்றெல்லாம் டீச்சர் பாடம் நடத்துவார். பாடப்புத்தகத்தில் பருவக்காற்று பற்றி ஒரு பாடம் இருந்தது. அது தேர்வோடு போயிற்று. தென்மேற்குக் காற்று எந்த மூலையிலிருந்து வரும் என்பது இன்றுவரை என் வலது தோளுக்குத் தெரியும்.

அணிப் பட்டியலில் பத்துப் பேர். களத்தில் ஐந்து பேர். நான் பத்தில் எட்டாவதோ ஒன்பதாவதோ. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வெளியே நிற்பவளுக்கும் சீருடை உண்டு, சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு, குளுக்கோஸ் டப்பாவில் பங்கு உண்டு, ஊர் திரும்பும் பஸ்ஸில் பாட்டுப் பாட இடம் உண்டு. அந்த எலுமிச்சைச் சாதப் பொட்டலத்துக்காகவே காலையில் ஐந்தரை மணிக்குப் பயிற்சிக்கு வந்தவர்கள் இருந்தார்கள். அது எந்தவிதத்திலும் குறைந்த காரணம் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அந்த பஸ்ஸில் ஏறுவதற்குள் ஒரு பெரிய ஆட்டம் வீட்டில் நடந்து முடிந்திருக்கும். வெளியூர்ப் போட்டிக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். "வயசுக்கு வந்த பிள்ளை, ஆம்பளப் பிள்ளையாட்டம் ஊர் ஊராப் போய்க் குதிக்கறதாவது" என்று அப்பாயி ஆரம்பிப்பார். அப்பா பதில் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டால் கையெழுத்து இல்லை என்று அர்த்தம். மறுநாள் சாயங்காலம் பி.டி. டீச்சர் வருவார். பருத்திப் புடவை, வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்து, நெல் விலை, மேட்டூரில் தண்ணீர் திறப்பு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "அண்ணே, பொழுது சாயறதுக்குள்ள நானே கொண்டாந்து வாசல்ல விட்டுட்டுப் போறேன். என் பொண்ணையும்தான் கூட்டிட்டுப் போறேன்" என்பார். அப்பா அதற்கு மேல் என்ன பேச முடியும்? அந்த டீச்சர் தெருத் தெருவாக இப்படி எத்தனை திண்ணைகளில் உட்கார்ந்திருப்பார் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் பெற்ற பட்டயத்தில் இதெல்லாம் பாடமாக இருந்திருக்காது.

உடற்பயிற்சி ஆசிரியர் என்ற பதவியே இந்த மண்ணுக்குப் புதிதாக வந்து நூறு ஆண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைப் பழக்கியவர்களில் அவரும் ஒருவர். கூடைப்பந்தும் வாலிபாலும் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ.காரர்கள் 1891-லும் 1895-லும் கண்டுபிடித்த ஆட்டங்கள். அவை நம் ஊர்ப் பள்ளிகளில் இவ்வளவு ஆழமாக வேர் பிடித்ததற்கு அந்தக் கல்லூரியில் பயின்று ஊர் ஊராகப் போன டிரில் மாஸ்டர்கள் ஒரு முக்கியக் காரணம். நந்தனத்தில் இன்றும் அந்தக் கல்லூரி இருக்கிறது. சென்னைக்காரர்களில் பலருக்கு அது புத்தகக் காட்சி நடக்கும் மைதானமாக மட்டுமே தெரியும் என்பது வேறு விஷயம்.

பழைய நினைவு என்றால் எல்லாம் தேனாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பிரம்பு இருந்தது. வரிசை கோணினால் முழங்காலுக்குக் கீழே விழும். மைதானத்தில் தண்ணீர்க் குழாய் இல்லை. கழிப்பறை என்று ஒன்று இருந்தும் இல்லாததுதான். மாதத்தில் அந்த நாட்களில் வயிற்றுவலி என்று பொய் சொல்லி மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். டீச்சருக்குத் தெரியும், கேட்கமாட்டார். சில பிள்ளைகளைத் தொட்டு ஆடும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வதில் சிலர் வீட்டாருக்கு வருத்தம் இருந்தது என்பதும் உண்மை. கபடியும் கோகோவும் தொட்டால்தான் ஆட்டம். தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பப்பட்டவளால் களத்தில் யாரையும் அவுட் ஆக்கவே முடியாது. அந்தச் சிக்கலை விதிமுறையே தீர்த்துவைத்தது. எந்தப் பிரசங்கமும் தேவைப்படவில்லை. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர், மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025-ல் எடுத்த 'பைசன்' படம், கபடிக் களத்துக்குள்ளும் வெளியிலும் சாதி எப்படி ஆளைப் பிடிக்கிறது என்பதைத்தான் பேசியது. ஆண்கள் ஆடிய களத்தில் அந்தக் கதை. பெண் பிள்ளைகளின் களத்தில் இதே கதை சத்தமில்லாமல் நடந்தது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் அணியில் பாதிப் பேருக்கு ஆட்டம் முடிந்துவிட்டது. சிலருக்குக் கல்யாணம். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ சேர்ந்தவர்களுக்குப் படிப்பு, டியூஷன். கோ கொடுக்கும் நொடியைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னவள் தையல் கற்றுக்கொள்ளப் போனாள். அதற்குப் பிறகு எங்களில் யாரையும் ஓடு என்று யாரும் சொன்னதில்லை. நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தபின் டாக்டர் நடக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஆண்களுக்குப் பள்ளி மைதானம் போனால் ஆற்றங்கரை, தெருமுனை, டென்னிஸ் பந்து டோர்னமென்ட் என்று ஏதாவது ஒன்று அகப்படுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு முதலும் கடைசியுமான மைதானம் பள்ளிக்கூடத்து மைதானம்தான்.

அதனால்தான் டிரில் பீரியடில் கணக்கு டீச்சர் உள்ளே நுழைகிறார் என்று கேள்விப்படும்போது எனக்குக் கோபம் வருகிறது. விளையாட்டு பீரியடை மற்ற ஆசிரியர்கள் கடன் வாங்குவது புதிதல்ல. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே, விளையாட்டு பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் பீரியடை விளையாட்டுக்குக் கொடுங்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களை மேடையில் கேட்டுக்கொண்டார். கைதட்டல் கிடைத்தது. ஆனால் தேர்ச்சி விகிதம் குறைந்தால் விளக்கம் கேட்டு வருகிற கடிதம், டிரில் பீரியட் நடக்கவில்லை என்றால் வருவதில்லையே. தலைமை ஆசிரியர் எதற்குப் பயப்படுவார்?

பி.டி. ஆசிரியரையும் விட்டுவைப்பதில்லை. காலை வழிபாட்டில் வரிசை, பஸ் பாஸுக்கு விண்ணப்பம், இலவசப் பாடநூல் இறக்குவது, தாமதமாக வருகிறவர்களைப் பிடிப்பது என்று ஆள் இல்லாத வேலை எல்லாம் அவர் தலையில். கல்வி உரிமைச் சட்டம் 2009, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்றும் சொல்கிறது. அதன்படி 2012-ல் தமிழ்நாட்டில் உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி எல்லாவற்றுக்குமாக 16,549 பேரை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாட்கள். மாதம் 5,000 ரூபாய். பல ஆண்டுகள் போராடி அது 12,500 ரூபாயானது. மூன்று அரை நாட்களில் எந்தத் திண்ணையில் போய் உட்காருவார் ஓர் ஆசிரியர்? மைதானம் விஷயத்தில் கேரள உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஒரு படி மேலே போயிற்று: விதிப்படி மைதானம் இல்லாத பள்ளிகளை மூடுவது உள்ளிட்ட நடவடிக்கை எடுக்கலாம் என்றது. இங்கேயும் யாராவது வழக்குப் போட்டால்தான் வழி பிறக்குமோ என்னவோ.

அரசு விளையாட்டுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் நடக்கின்றன. முதலமைச்சர் கோப்பை நடக்கிறது. பரிசுத்தொகை முன்பு கனவிலும் காணாத அளவு. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் சிதைந்தவர். பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் அவருடைய உடற்பயிற்சி ஆசிரியர். ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோகோ உலகக் கோப்பையில் ஆண், பெண் இரு பிரிவிலும் இந்தியா வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் கபடி அணிக்குத் துணைத் தலைவி சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. நகரத்திலிருந்து பெயர்த்து எடுத்துக் குடியமர்த்தப்பட்டவர்களின் குடியிருப்பிலிருந்து வந்த பெண். நெஞ்சு நிறைகிறது, சந்தேகமே இல்லை.

ஆனால் பதக்கத்தைக் காட்டி விளையாட்டு பீரியடுக்கு வாதாடுவது எனக்கு ஒப்பவில்லை. பதக்கம் வாங்கத்தான் மைதானம் என்றால், வாங்க முடியாத பிள்ளைக்கு மைதானம் எதற்கு என்ற கேள்வி தானாக வந்துவிடும், வந்தும்விட்டது. பல பள்ளிகளில் இன்று நடப்பது அதுதான்: போட்டிக்குப் போகிற பன்னிரண்டு பேருக்குப் பயிற்சி, மற்றவர்களுக்கு வகுப்பறையில் ரிவிஷன். கணக்குக்கு இப்படிச் செய்வோமா? ஒலிம்பியாடில் ஜெயிக்கப்போகிற நான்கு பேருக்கு மட்டும் கணக்கு பீரியட், மற்றவர்கள் வெளியே போங்கள் என்போமா? ஐந்து முதல் பதினேழு வயது வரை தினமும் ஒரு மணி நேரமாவது உடம்பு அலுக்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். மூச்சு வாங்க மூன்று சுற்று ஓடி, நான்காவது சுற்றில் நடந்து, தோழி தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டே வருகிற பிள்ளைக்குத்தான் அந்த பீரியட் அதிகம் தேவை. பத்தில் ஒன்பதாவது ஆளுக்கு, பட்டியலிலேயே இல்லாதவளுக்கு.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கால அட்டவணையில் விளையாட்டு என்று எழுதிய பீரியடில் வகுப்பறையைப் பூட்டிவிடுங்கள். பூட்டு ஒன்று போதும், அரசாணை வேண்டாம்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒன்று. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாகவும் நேரடியாகவும் நம்மில் பலர் படித்த பள்ளிக்குப் பணம் கொடுக்கிறோம். ஸ்மார்ட் போர்டு வாங்குகிறோம், நுழைவாயிலில் வளைவு கட்டிப் பெயர் பொறிக்கிறோம். அடுத்த முறை கொடுக்கும்போது மைதானத்துக்குத் தண்ணீர்க் குழாய், பெண் பிள்ளைகளுக்கு மைதானத்தை ஒட்டியே பூட்டுப் போடக்கூடிய ஒரு கழிப்பறை, ஒரு டஜன் பூப்பந்து, இரண்டு வளையம், ஒரு வலை என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், கடைசி பீரியட் நடக்கும் நேரமாகப் பார்த்துப் பள்ளிக்குப் போய்வாருங்கள். மைதானம் காலியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.